திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் ஓரறை அனெக்ஸ் தேடுபவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் அடுக்குமாடிகள் குறைவு. தனி ஆளுக்கோ புதுச் சோடிக்கோ கிடைப்பது பெரும்பாலும் அனெக்ஸ்தான்: வீட்டுக்காரர் இருக்கிற வளவுக்குள்ளேயே ஓர் அறை, சின்னக் குசினி, பாத்ரூம், அதிர்ஷ்டம் இருந்தால் தனிக் கேற். முதல் தடவை தேடுகிறவர்கள் தரைக்கு மாபிள் போட்டிருக்கிறதா என்று பார்ப்பார்கள். நீங்கள் முதலில் கிணற்றையும் கறண்ட் மீற்றரையும் பாருங்கள்.

1. இடத்தை முடிவு செய்யுங்கள்

திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தைச் சுற்றிய ஒழுங்கைகளில் மாணவர்களோடு போட்டி போட வேண்டும், வாடகையையும் தலைக்கணக்கில்தான் பேசுவார்கள். கொக்குவில், கோண்டாவில், இணுவில் என்றால் காங்கேசன்துறை வீதி பஸ்ஸும் உண்டு, ரயில் நிலையமும் உண்டு. ஆனால் இருட்டினால் பஸ்ஸை நம்ப முடியாது. யாழ் நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் இரவு வேலை செய்கிறவர்கள் ஸ்கூட்டி இல்லாமல் இவ்வளவு தூரம் போகாமல் இருப்பது நல்லது.

2. தேடுங்கள், கேளுங்கள்

இக்மன் விளம்பரத் தளத்தையும் ஃபேஸ்புக்கையும் பாருங்கள், ஆனால் நல்ல அனெக்ஸ் பல அங்கே வருவதற்கு முன்பே போய்விடும். ஒழுங்கை முனைக் கடை, சலூன், ஓட்டோ நிற்கிற இடம், இந்த மூன்றிலும் சொல்லி வையுங்கள். தரகர் மூலம் போனால் கொமிஷன் எவ்வளவு, யார் கொடுப்பது என்பதை வீடு பார்க்க முன்பே கேட்டுவிடுங்கள். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் தேடாதீர்கள்: வெளிநாட்டுக்காரர் வந்து நிற்பார்கள், நாள் வாடகைக்கே நல்ல காசு வரும்போது மாத வாடகைக்கு யார் கொடுப்பார்கள்?

போனில் இப்படித் தொடங்கினால் போதும்: “அம்மா, அனெக்ஸ் இருக்கெண்டு கடையில சொன்னவை. நான் தனியாள், வேலை செய்யிறன். பின்னேரம் வந்து பாக்கலாமோ?” அடுத்த கேள்வி, “தம்பி எந்த ஊர்?” என்றுதான் வரும். சில வேளை அது வெறும் ஊர் விசாரணை, சில வேளை சாதி விசாரணை. வேலை செய்கிற இடத்தைச் சொல்லிவிட்டுக் கதையை வாடகைக்குத் திருப்புங்கள். அதற்குப் பிறகும் ஆர் எவர் என்று துருவினால் அந்த வீடு வேண்டாம். மச்சம் (மீன், இறைச்சி) சமைக்கலாமா, விருந்தாளி வந்து தங்கலாமா, கேற் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்பதையும் இப்போதே கேளுங்கள்.

3. தண்ணீரைப் பாருங்கள்

இங்கே வீட்டுத் தண்ணீர் என்றால் பெரும்பாலும் கிணறுதான். மாரி மழைக்குப் பிறகு தை மாதத்தில் நல்ல தண்ணீராக இருக்கிற கிணறு, ஆவணியில் சவர் தட்டலாம். கடலுக்குக் கிட்ட, அரியாலை, கொழும்புத்துறைப் பக்கம் இதில் இன்னும் கவனம் வேண்டும். ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சவர்க்காரம் நுரைக்கிறதா என்று கை கழுவிப் பாருங்கள். பைப் வாயில் வெள்ளையாகக் கல் படிந்திருந்தால் உங்கள் கேத்தலுக்குள்ளும் அதுதான் படியும் (சுண்ணக்கல் நிலம், அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது). ஆனால் மலசலகூடக் குழி கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குழி உங்கள் வளவில் இல்லாமல் மதிலுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டில் இருக்கலாம், அங்கேயும் எட்டிப் பாருங்கள். தோட்டக்காணி சூழ்ந்த இடம் என்றால் உரம் இறங்கியிருக்கும், குடிக்க வேறு தண்ணீர் வாங்குகிற செலவையும் கணக்கில் சேருங்கள்.

4. மீற்றர்

வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மீற்றரில் இருந்தால் பாதிப்பு உங்களுக்கு. மின்சாரக் கட்டணம் 30, 60, 90 அலகு என்று படிப்படியாக ஏறும். அவர்கள் ஏசி போட்டால் உங்கள் ஒற்றை ஃபானுக்கும் மேல்படி விலைதான் விழும். தனி மீற்றர் சிறப்பு. சப் மீற்றர் (வீட்டுக்காரரின் மீற்றருக்குக் கீழே உங்கள் பாவனையை மட்டும் அளப்பது) என்றால் ஓர் அலகுக்கு எவ்வளவு எடுப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். தண்ணீர் மோட்டர் யாருடைய கணக்கில் ஓடுகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான்.

5. காசும் கடதாசியும்

வீட்டுக்காரர் கனடாவிலோ சுவிஸிலோ இருந்து, இங்கே ஒரு சொந்தக்காரர் திறப்போடு வந்தால், முற்பணம் கொடுக்க முன் அவரிடம் அற்றோனித் தத்துவம் (உரிமையாளருக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரப் பத்திரம்) இருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்தது உரிமையாளரோடு வீடியோவில் கதையுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டம். முத்திரை ஒட்டிய வெள்ளைத்தாளில் கையெழுத்து வைத்தால் போதும் என்பார்கள், நாளை முற்பணத்தைத் திருப்பிக் கேட்கும்போதுதான் அந்தத் தாளின் பலம் தெரியும். எத்தனை மாத முற்பணம், அது வாடகையில் கழியுமா, கடைசியில் திரும்புமா, எழும்பச் சொல்வதென்றால் எத்தனை மாதம் முன்பு சொல்ல வேண்டும், எல்லாம் நொத்தாரிசு எழுதுகிற குத்தகையில் வரட்டும்.

குடிபோகிற அன்று மீற்றர் இலக்கத்தையும் சுவரிலுள்ள வெடிப்புகளையும் போனில் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அந்தக் கிழமைக்குள் விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போய்க் குடியிருப்புப் பதிவையும் முடித்துவிடுங்கள்.