பழைய கிராதியில் ஆர்க் அடிக்கும் முன்: வெல்டிங் தலைக்கவசமும் சுவாசக் கவசமும்

செட்டிநாட்டில் வெல்டிங் வேலை பெரும்பாலும் அவசர வேலையாகவே வருகிறது. வெளியூர்ப் பங்காளிகள், முன்னோரை வழிபடும் படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து இறங்கும் தேதி நெருங்கிய பிறகுதான், வளவுக்கு (வீட்டின் நடுமுற்றத்துக்கு) மேலே கம்பி அடிக்க வேண்டும், முகப்பில் உள்ள கிராதியில் (இரும்புக் கம்பித் தடுப்பில்) விட்டுப்போன இடங்களைப் பற்றவைக்க வேண்டும் என்று பட்டறைக்கு ஆள் வருகிறது. அந்த அவசரத்தில் முதலில் கைவிடப்படுபவை கண்ணையும் மூச்சையும் காக்கும் கவசங்களே. கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்தக் கண்ணாடி புகையைத் தடுக்காது. எந்த முகமூடி வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது, நீங்கள் சூடாக்கப் போகும் இரும்பின் மேல் என்ன படிந்திருக்கிறது என்பதுதான்.

ஆகவே ராடை (உருகிப் பற்றவைக்கும் வெல்டிங் குச்சியை) கையில் எடுப்பதற்கு முன் இரும்பைப் பாருங்கள். இப்பகுதிப் பழைய வீடுகளின் கிராதிகளிலும், காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளிலிருந்து வாங்கிவந்து வெட்டி ஒட்டும் பழைய இரும்புச் சாமான்களிலும், பெயின்ட் அடுக்கடுக்காக ஏறியிருக்கும். வீட்டு உபயோகப் பெயின்டில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) என்று கட்டுப்படுத்தும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சு எதுவானாலும் அதில் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொண்டு வேலை செய்வது நல்லது. பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 4 அங்குலத்துக்குப் பூச்சை நீக்கிவிட வேண்டும். கிரைண்டரால் உலரத் தேய்த்தால் ஈயம் தூசியாகப் பறக்கும் என்பதால், நனைத்துச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே ஆர்க் (ராடு நுனியில் எழும் மின்சுடர்) அடியுங்கள். பிசுக்கு எடுக்கவோ பெயின்ட் உரிக்கவோ குளோரின் கலந்த திரவத்தைப் பயன்படுத்தாதீர்கள். அதன் ஆவி ஆர்க் ஒளியில் சிதைந்து, பாஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவாக மாறக்கூடும்.

ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயும் தகரமும் வேறு வகை. மேலிருக்கும் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகையாக எழும்பி, பற்றின் ஓரமெங்கும் வெண்துகளாகப் படிவதைக் கண்ணால் பார்க்கலாம். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் இரவில், குளிர்நடுக்கமும் காய்ச்சலும் வரும். நாக்கில் உலோகச் சுவை தட்டும். ஓரிரு நாளில் தணிந்துவிடும் என்பதால் பலரும் இதைச் சாதாரணக் காய்ச்சல் என்றே விட்டுவிடுகிறார்கள். வேலைக்கு முன் பால் குடித்தாலும் வெல்லம் தின்றாலும் நுரையீரலுக்குள் போன புகை வெளியே வந்துவிடாது. எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வேலையில் குரோமியமும் நிக்கலும் புகையில் கலப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் வெல்டிங் புகை முழுவதையுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது.

முகத்தில் கட்டும் துண்டும், காதில் மாட்டும் மெல்லிய மருத்துவ முகமூடியும் இந்தப் புகைக்குப் பயன்படா. புகைத்துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. சாதாரண இரும்புக்கு ஐ.எஸ். 9473 தரத்தில் எஃப்.எஃப்.பி.2 வகை அல்லது என்95 முகமூடி போதும். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டைகள் போகும்படியானதையும், நம் வெயிலுக்கு மூச்சு வெளியேற வால்வு வைத்ததையும் தேர்ந்தெடுங்கள். எஸ்.எஸ்., ஜி.ஐ., பழைய பெயின்ட் என்றால், 99.97 சதவீதத் துகள்களைத் தடுக்கும் பி100 வடிகட்டிகள் பொருத்திய ரப்பர் அரைமுகமூடியை வாங்குவதே சரி. தலைக்கவசத்துக்குள் அடங்கும் தட்டை வடிகட்டியாகக் கேட்டு வாங்குங்கள்.

முகமூடி முகத்தோடு ஒட்டாவிட்டால் விலை கொடுத்தது வீண். வடிகட்டியைக் கையால் மூடிக்கொண்டு மூச்சை இழுத்தால் முகமூடி முகத்தோடு உள்வாங்கி நிற்க வேண்டும். மூக்கின் ஓரத்தில் காற்று சீறினால் மீண்டும் சரிசெய்ய வேண்டும். தாடி இருந்தால் இந்த ஒட்டுதல் கிடைக்காது. சபரிமலைக்கோ பழனிக்கோ மாலை போட்டுச் சவரம் செய்யாமல் இருப்பவர்களுக்கு, அந்த நாட்களில் புகை எழும் வேலையைக் கொடுக்காமல் அளவெடுப்பது, பொருத்துவது போன்றவற்றைக் கொடுப்பதே மரியாதையும் பாதுகாப்பும் ஆகும். வசதியுள்ள பட்டறைகள், மோட்டார் காற்றைத் தள்ளும் தளர்வான தலைமூடியை வாங்கி வைக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த முகமூடிகள் துகளைத்தான் பிடிக்கும். வாயுவைப் பிடிக்கா, ஆக்சிஜனையும் தரா. தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி போன்ற மூடிய இடங்களுக்குள் இவற்றை நம்பி யாரும் இறங்கக் கூடாது. ஜன்னல் சிறுத்த உள்ளறைகளில் வேலை வந்தால், முடிந்தவரை சாமானை வளவுக்குத் தூக்கி வந்து பற்றவையுங்கள். மின்விசிறியைப் பக்கவாட்டில் வைத்துப் புகையை முகத்தைவிட்டு விலக்குங்கள். தலையைப் புகைக்கு நேர் மேலே கவிழ்த்துக்கொண்டு வேலை செய்யும் பழக்கத்தை விட்டாலே பாதிப் புகை குறையும் என்பது என் கருத்து.

இனி தலைக்கவசம். 2.5, 3.15 மி.மீ. ராடுகளுக்குப் பத்து அல்லது பதினொன்றாம் நம்பர் கண்ணாடி பொருந்தும். 160 ஆம்பியரைத் தாண்டினால் பன்னிரண்டு வேண்டும். கேஸ் கட்டிங்குக்கான ஐந்தாம் நம்பர் கண்ணாடியையோ கூலிங் கிளாஸையோ ஆர்க்குக்குப் பயன்படுத்தக் கூடாது. கையில் பிடிக்கும் ஷீல்டைவிடத் தலையில் மாட்டுவதே மேல். ஒரு கையில் ராடைப் பிடிக்கும் ஹோல்டரும் மறு கையில் கம்பியும் இருக்கும்போது, ஷீல்டைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடிக்கொண்டு டேக் (தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் சிறு பற்று) வைக்கும் வழக்கம்தான் பெரும்பாலான கண்களைக் கெடுக்கிறது. தானாகக் கறுக்கும் கவசம் இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. ஆனால் தினமும் முதல் ஆர்க்குக்கு முன் அது கறுக்கிறதா என்று சோதியுங்கள். உணரிகளின் மேல் தூசி படிந்திருந்தாலும், கிரைண்டிங் நிலையிலேயே விட்டிருந்தாலும் கறுக்காது. கவசத்துக்குள்ளே, கண்ணில் மாட்டும் நிறமற்ற பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று எப்போதும் இருக்கட்டும். கவசத்தைத் தூக்கிவிட்டுக் கசடு தட்டும்போது தெறிப்பது நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

கம்பியைப் பிடிக்கும் கையாளுக்கும் அதே கவசம் வேண்டும். வழவழப்பான வெள்ளைச் சுண்ணாம்புச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி கவசத்தின் பின்புறமாகவும் நுழையும். வேலை நடக்கும் இடத்தைச் சுற்றி மங்கலான கறுப்புப் பூச்சு அடித்த தடுப்பை வையுங்கள்; பட்டாலையில் (உயர்ந்த திண்ணையில்) உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை உள்ளே அனுப்பச் சொல்லுங்கள்.

கண்ணில் ஆர்க் அடித்துவிட்டால் உடனே தெரியாது. பல மணி நேரம் கழித்து, மணல் அள்ளிப் போட்டது போல் உறுத்தும், நீர் வடியும், வெளிச்சம் தாங்காது. கண்ணைக் கசக்காமல், மூடிய இமைமேல் குளிர்ந்த சுத்தமான துணியை வைத்து, கண் மருத்துவரிடம் போக வேண்டும். தாய்ப்பால் விடுவதும் உருளைக்கிழங்கு வைப்பதும் கிருமித்தொற்றுக்கு வழி செய்யும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மரத்துப்போகச் செய்யும் சொட்டுமருந்து காயம் ஆறுவதையே தடுக்கும்.

வேலை முடிந்ததும் அரைமுகமூடியின் ரப்பர் பகுதியை மட்டும் சோப்புநீரில் கழுவி நிழலில் உலர்த்தி, மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வடிகட்டியைக் கழுவவோ கம்ப்ரசர் காற்றால் ஊதவோ கூடாது. மூச்சு இழுக்கக் கனமானால் மாற்றிவிட வேண்டும். பழைய பெயின்டில் வேலை செய்த நாளில் கை, முகம் கழுவாமல் டீ குடிக்காதீர்கள். வேலைச் சட்டையைப் பட்டறையிலேயே கழற்றி, வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். ஈயத்தூசி வீட்டுக்குப் போனால் முதலில் பாதிக்கப்படுவது தரையில் தவழும் பிள்ளைகள்தான்.