கூட்டமில்லாத பெருஞ்சுவர்: பெய்ஜிங்கிலிருந்து ஜின்ஷான்லிங்குக்கு ஒரே நாளில் போய்வர

சீனப் பெருஞ்சுவரைப் பார்க்கக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் போய் இறங்குவது பாதாலிங்கில்தான். பெய்ஜிங்குக்குப் பக்கம், ரயில் வசதி உண்டு, சுவரும் நன்றாகச் செப்பனிடப்பட்டிருக்கும். ஆனால் ஒரு நாளைக்கு 65,000 பேருக்கு மேல் விடுவதில்லை என்று 2019-இல் அங்கே வரம்பு வைக்க வேண்டியிருந்தது. விடுமுறை நாளில் ஒரு செங்கல்லின் முன்னால்கூட நிதானமாக நிற்க முடியாது. சுவரை அதன் அமைதியோடு பார்க்க விரும்புகிறவர்கள் ஜின்ஷான்லிங்குக்குப் போக வேண்டும்.

பெய்ஜிங்கின் வடகிழக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டரில், ஹெபெய் மாகாணத்தின் லுவான்பிங் மாவட்டத்தில் இருக்கிறது இந்தப் பகுதி. நீளம் 10.5 கிலோமீட்டர், அதில் 67 காவற்கோபுரங்கள். மிங் பேரரசின் தளபதி சீ ஜிகுவாங் 1568-இல் இந்த எல்லைக்கு வந்தபின் கட்டியெழுப்பிய சுவர்தான் இன்று நாம் காண்பது. உள்ளே வீரர்கள் தங்கவும் வெடிமருந்து வைக்கவும் இடமுள்ள கூடான கோபுரங்களைச் சுவரில் வரிசையாக வைத்ததும் அவர்தான். நடுப்பகுதி செப்பனிடப்பட்டது, இரு ஓரங்களுக்கும் போகப் போகச் சுவர் பழைய கோலத்திலேயே நிற்கும். ஒரே நடையில் இரண்டையும் பார்த்துவிடலாம்.

திரும்பும் வண்டியிலிருந்து தொடங்குங்கள்

இந்தப் பயணத்தில் ஏமாற்றமடைகிறவர்கள் பெரும்பாலும் போகும் நேரத்தை மட்டும் கணக்குப் போட்டவர்கள். திரும்பும் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வாருங்கள்.

அக்டோபர் கடைசி வாரத்தை எடுத்துக்கொள்வோம். சூரியன் மாலை 5.20 வாக்கில் மறையும். மூன்று மணிக்குள் கீழே வாயிலுக்கு வந்துவிட வேண்டும். சுவரிலிருந்து இறங்க முக்கால் மணி நேரம் ஒதுக்கினால், 2.15-க்குச் சுவரை விட்டாக வேண்டும். சுவரின்மேல் மூன்றரை மணி நேரம் வேண்டுமென்றால் 10.45-க்கு மேலே இருக்க வேண்டும். ஏறுவதற்கு முக்கால் மணி. ஆக, பத்து மணிக்கு வாயில். பெய்ஜிங்கிலிருந்து சாலை வழியே இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் ஆகும். அப்படியானால் 7.30-க்கு வண்டி நகர்ந்திருக்க வேண்டும், 6.30-க்கு விடுதி அறையைப் பூட்டியிருக்க வேண்டும். டிசம்பரில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே மறைந்துவிடும், ஜூனில் 7.45 வரை வெளிச்சம் இருக்கும். அதற்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

சுவரில் நடக்கும் வேகத்தைத் தரையில் நடக்கும் வேகத்தோடு ஒப்பிடாதீர்கள். சமதரையில் மணிக்கு 4, 5 கிலோமீட்டர் நடப்பவருக்கும் இங்கே 2 கிலோமீட்டர் நடந்தால் நல்ல வேகம். ஒரு படி கணுக்கால் உயரம் இருக்கும், அடுத்தது முழங்கால் உயரம் இருக்கும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் கால் நடுங்கும்.

எப்படிப் போவது

செலவு குறைந்த வழி பேருந்து. சுரங்க ரயிலின் 15-ஆம் வழித்தடத்தில் வாங்ஜிங் மேற்கு நிலையத்தில் இறங்கினால், அருகிலிருந்து லுவான்பிங் போகும் பேருந்துகள் கிளம்பும். விரைவுச்சாலை ஓரத்தில் ஜின்ஷான்லிங் சேவைப் பகுதி என்று ஒரு நிறுத்தம் உண்டு. அங்கே இறக்கிவிடச் சொல்லி, ஏறும்போதே ஓட்டுநரிடம் இடத்தின் பெயரைச் சீன எழுத்தில் காட்டுங்கள். சொல்லாவிட்டால் வண்டி நேரே லுவான்பிங் ஊருக்குப் போய்விடும். சேவைப் பகுதியில் இறங்கினால், அங்கிருந்து வாயிலுக்கு அரை மணி நேரம் போல நடக்க வேண்டியிருக்கும். இறங்கும் முன் இன்னொன்றும் கேட்டு வையுங்கள்: பெய்ஜிங் திரும்பும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு இங்கே வரும், சாலையின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும். விரைவுச்சாலை என்பதால் மறுபக்கம் வண்டி வந்தபின் குறுக்கே ஓட முடியாது. சுற்றுலாப் பருவத்தில் நேரடிப் பேருந்தும் விடுவார்கள். அது ஓடுகிறதா, எத்தனை மணிக்கு என்பதை முந்தைய நாளே விடுதி வரவேற்பறையில் தொலைபேசியில் கேட்கச் சொல்லுங்கள்.

பேருந்து நிறுத்தத்தில் "இன்றைக்கு வண்டி இல்லை, என் காரில் வாருங்கள்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வரிசையில் நிற்கும் உள்ளூர்க்காரர்களைப் பார்த்தாலே வண்டி உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மூன்று, நான்கு பேராகப் போனால் கார் அமர்த்திக்கொள்வதே நல்லது. பேசும்போது சாலைச் சுங்கம், வண்டி நிறுத்தும் கட்டணம், காத்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்துத்தான் இந்தத் தொகையா என்று எழுத்தில் உறுதிசெய்யுங்கள். கீழே நாங்கள் சொல்லும் பாதையில் நீங்கள் நுழையும் வாயிலும் வெளியே வரும் வாயிலும் வேறு என்பதை ஓட்டுநரிடம் காலையிலேயே சொல்லிவிட வேண்டும். இதை மறந்தால், கால் சோர்ந்த வேளையில் ஒரு வாயிலில் நீங்களும் இன்னொன்றில் காருமாக நிற்பீர்கள்.

நுழைவுச்சீட்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை 65 யுவான், மற்ற மாதங்களில் 55. பாஸ்போர்ட்டின் நகல் போதாது, அசலையே எடுத்துச் செல்லுங்கள். பணம் கொடுக்க அலிபே செயலியில் உங்கள் விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டையை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணைத்துவிடுங்கள். 200 யுவானுக்கு உட்பட்ட தொகைக்கு அவர்கள் கூடுதல் கட்டணம் எடுப்பதில்லை; அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடிப்பார்கள். சுவர்மேல் தண்ணீர் விற்கும் கிராமத்தாருக்காக 10, 20 யுவான் தாள்களில் ஒரு 200 யுவானாவது கையில் இருக்கட்டும். கூகுள் வரைபடம் அங்கே உதவாது. திறந்தாலும் இடத்தைத் தள்ளித்தான் காட்டும். ஆமாப் செயலியையோ ஆப்பிள் வரைபடத்தையோ பயன்படுத்துங்கள்.

கிழக்கிலிருந்து மேற்கே

பலரும் முதன்மை வாயிலில் நுழைந்து, கேபிள் காரில் ஏறி, நடுப்பகுதியில் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டு இறங்கிவிடுகிறார்கள். எங்கள் யோசனை வேறு. கிழக்கு வாயிலில் நுழைந்து, முக்கால் மணி நேரம் மலைப்பாதையில் ஏறி, கிழக்கு ஐஞ்சன்னல் கோபுரத்தில் சுவரைத் தொடுங்கள். அங்கிருந்து மேற்கு நோக்கி ஜுவான்துவோகோவ் கணவாய் வரை நடந்து, அங்கே இறங்கி முதன்மை வாயில் வழியே வெளியே வாருங்கள். நிதானமாக நடந்தால் சுவரின்மேல் மூன்று மணி நேரம், கோபுரங்களில் நின்று பார்த்தால் மூன்றரை.

இப்படிப் போவதற்குக் காரணம் இருக்கிறது. இடிந்த, செப்பனிடாத பகுதி கிழக்கே இருக்கிறது. கால் தெம்பாக இருக்கும் காலையிலேயே அதைக் கடந்துவிடலாம். வெயில் முதுகுப் பக்கம் இருப்பதால் எதிரே மலைமுகட்டில் நெளிந்து போகும் சுவர் கண் கூசாமல் தெரியும். படம் எடுப்பவர்களுக்கு அதுவே சரியான வெளிச்சம். நடையின் கடைசியில் முழங்கால் மக்கர் செய்தால், இறங்க கேபிள் கார் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் காற்று பலமாக வீசினால் அதை நிறுத்திவிடுவார்கள். அதை மட்டுமே நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கிழக்குப் பகுதியில் சில இடங்களில் கைப்பிடிச்சுவர் இருக்காது. நடைதளத்தின் நடுவிலேயே நடங்கள். உதிர்ந்த செங்கல் துண்டுகளின்மேல் கால் வைத்தால் உருளும். காலை ஊன்றும் முன் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். கோபுரத்துக்குள் நுழையும்போது வாசல்களில் தலை இடிக்கும், வெயிலிலிருந்து உள்ளே போனதும் சில நொடிகள் கண் தெரியாது. வாசற்படியில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போங்கள்.

வேகமாக நடப்பவர்கள் தவறவிடும் இரண்டு விஷயங்கள் உண்டு. இரண்டும் ஜின்ஷான்லிங்கின் பெருமை.

முதலாவது, குறுக்குத் தடுப்புச் சுவர்கள். கோபுரத்துக்கு ஏறும் செங்குத்தான படிகளில், நடைதளத்தின் பாதி அகலத்துக்குக் குறுக்கே சிறு சிறு சுவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றிலும் அம்புத்துளை உண்டு. எதிரி சுவர்மேலேயே ஏறிவிட்டாலும் கோபுரத்தைப் பிடித்துவிட முடியாதபடி, வீரர்கள் ஒரு தடுப்பிலிருந்து அடுத்ததற்குப் பின்வாங்கிக்கொண்டே மேலிருந்து தாக்குவதற்கான ஏற்பாடு இது. கீழே நின்று பார்த்தால் புரியாது. மேல் தடுப்பின் பின்னால் குனிந்து, அந்தத் துளை வழியாக நீங்கள் ஏறி வந்த படிகளைப் பாருங்கள். ஏறி வருகிறவர் மறைந்துகொள்ள ஓரிடமும் இல்லை என்பது அப்போதுதான் தெரியும்.

இரண்டாவது, எழுத்துச் செங்கற்கள். சுவரின் பக்கவாட்டில், இடுப்பு உயரத்திலிருந்து கண் உயரம் வரை தேடுங்கள். செங்கல்லின் முகப்பில் ஒரு விரல் அகலத்துக்கு நீள்பட்டை அழுந்தியிருக்கும், அதற்குள் மேலிருந்து கீழாகச் சில சீன எழுத்துகள். பச்சைச் செங்கல்லாக இருக்கும்போதே அச்சு அழுத்திச் சுட்டது. எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு செய்தது என்ற விவரம் அதில் இருக்கும். வான்லி பேரரசரின் 5-ஆம் ஆண்டு, அதாவது 1577, ஷான்துங் இடதுபுறப் படைப்பிரிவு செய்தது என்று சொல்லும் கற்கள் இங்கே உண்டு. செங்கல் சரியில்லை என்றால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே, அதற்காகத்தான் இந்த முத்திரை. காலைச் சாய்வெயிலில்தான் எழுத்துகள் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். உச்சிவெயிலில் வெறும் கல்தான். விரலால் தேய்க்காதீர்கள். 440-க்கும் மேற்பட்ட ஆண்டுகள் காற்றையும் பனியையும் தாங்கிய எழுத்து, ஆயிரம் கைகளைத் தாங்காது.

பை, பருவம், வானிலை

தண்ணீர் கோடையில் ஆளுக்கு 2 லிட்டர், மற்ற நாளில் ஒன்றரை. சுவர்மேல் கோபுரத்துக்குள் தவிர நிழலே கிடையாது. கழிப்பறைக்கு வாயிலிலேயே போய்விடுங்கள். மதிய உணவை முந்தைய மாலையே பெய்ஜிங்கில் வாங்கிவிடுங்கள்: ரொட்டி, அவித்த முட்டை, வாழைப்பழம், கடலை. ஆவியில் வெந்த பாவோசு வாங்கும் சைவர்கள் உள்ளே என்ன பூரணம் என்று கேட்டு வாங்குங்கள். காய்கறிப் பூரணத்திலும் சில கடைகளில் இறைச்சி கலந்திருக்கும். காலணிக்கு அடி தேயாததாக இருப்பதே முக்கியம், கணுக்கால் வரை மூடும் பூட்ஸ் கட்டாயமில்லை. ஊன்றுகோல் கொண்டுவந்தால் நுனிக்கு ரப்பர் மூடி போடுங்கள். இரும்பு முனை பழைய செங்கல்லைப் பெயர்த்துவிடும்.

ஏப்ரலில் மலைச்சரிவெங்கும் சர்க்கரை பாதாமி பூக்கும், அக்டோபர் நடுவிலிருந்து இலைகள் சிவக்கும். இவையே சிறந்த காலங்கள். ஆனால் அக்டோபர் 1 முதல் 7 வரையிலும், மே முதல் நாளை ஒட்டிய விடுமுறையிலும் எந்தப் பகுதிக்கும் போகாதீர்கள். ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வரும். மலைமுகட்டில் இருப்பதிலேயே உயரமான பொருள் நீங்கள்தான். இடிமுழக்கம் கேட்டதும் அடுத்த இறங்குவழியில் இறங்கத் தொடங்குங்கள். ஜனவரியில் பகலிலும் உறைநிலைக்குக் கீழே போகும், நிழல் விழும் வடபுறப் படிகளில் பனி உறைந்து கண்ணாடியாக வழுக்கும். பனி பெய்த மறுநாள் சுவர் மிக அழகாக இருக்கும், ஆனால் காலணியில் மாட்டும் பனிமுள் இல்லாமல் ஏறக் கூடாது.

திறக்காத சுவர்

ஜியான்கோவ் போன்ற "காட்டுச் சுவர்"களின் படங்களைப் பார்த்து அங்கே போக ஆசைப்படுகிறவர்கள் நிறைய. அங்கே அமைதி இருப்பது உண்மை. ஆனால் அவை பார்வையாளர்களுக்குத் திறந்த இடங்கள் அல்ல. பெருஞ்சுவர்ப் பாதுகாப்பு விதிகள் 2006 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன; திறக்காத பகுதிகளில் ஏற்பாடு செய்து குழுவாகப் போவதையும், கல் எடுப்பதையும், கிறுக்குவதையும் அவை தடை செய்கின்றன. அங்கே வழுக்கி விழுந்தால் மீட்கப் பல மணி நேரமாகும். சுவருக்கும் அது கேடு: மண் பிடித்திருக்கும் தளத்தில் ஒவ்வொரு காலடியும் கொஞ்சம் பெயர்க்கிறது. ஜின்ஷான்லிங்கின் ஓரப் பகுதிகளிலும் தடுப்புப் போட்டிருந்தால் அதோடு நின்றுவிடுங்கள்.

பழைய வழிகாட்டிகளில் ஜின்ஷான்லிங்கிலிருந்து பக்கத்துப் பகுதியான சிமாத்தாய் வரை சுவர்மேலேயே நடக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். சிமாத்தாய் 2010-இல் மூடப்பட்டு 2014-இல் தனி நிர்வாகத்தில் மறுபடி திறந்தது. இடையே வழி கிடையாது. அதற்குத் தனியே முன்பதிவு செய்து வேறொரு நாளில் போக வேண்டும்.

காலை வண்டி தவறிவிட்டால்

எட்டரை மணிக்கும் லுவான்பிங் வண்டியில் ஏறவில்லை என்றால் ஜின்ஷான்லிங்கை அன்றைக்கு விட்டுவிடுங்கள். துங்ஜிமென்னிலிருந்து 916 விரைவுப் பேருந்தில் ஹுவாய்ரோவ் போய், அங்கிருந்து பெருஞ்சுவரின் இன்னொரு பகுதியான மூத்தியான்யூ செல்லுங்கள். பெய்ஜிங்கிலிருந்து 70 கிலோமீட்டர்தான். வழியில் யாராவது வண்டிக்குள் ஏறி "மூத்தியான்யூ இங்கேதான், இறங்குங்கள்" என்றால் அசையாமல் உட்கார்ந்திருங்கள். அங்கே கூட்டமெல்லாம் இருக்கை லிஃப்ட் நிற்கும் 6-ஆம் கோபுரத்துக்கும் கேபிள் கார் நிற்கும் 14-ஆம் கோபுரத்துக்கும் இடையேதான். 14-இல் இறங்கி, எல்லோரும் போகும் திசைக்கு எதிர்த்திசையில் 20-ஆம் கோபுரத்தை நோக்கி ஏறுங்கள். கடைசி ஏற்றம் 450-க்கும் மேற்பட்ட படிகள். அதில் பாதியிலேயே பேச்சுச் சத்தம் அடங்கிவிடும்.