ஓடிபி சொல்வதற்கு முன்: வாரண்டியில் ஒரு ஃப்ரிட்ஜை மாற்றி வாங்கிய கதை

செல்லூரில் எங்கள் தெருவில் யார் வீட்டு மிக்ஸி புகைந்தாலும் முதலில் என்னிடம்தான் வருகிறார்கள். நான் வக்கீல் இல்லை, இட்லி மாவு அரைத்து விற்கிறவள். குளிராத ஒரு ஃப்ரிட்ஜை மாற்றி வாங்கப் பதினான்கு மாதம் அலைந்தேன். அந்த அலைச்சலில் கிடைத்த படிப்புதான் இது. வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது என்பதால் எழுதி வைக்கிறேன்.

2023 ஏப்ரலில், சித்திரைத் திருவிழாவுக்குக் கொஞ்சம் முன்னால், 31,500 ரூபாய்க்கு இரண்டு கதவு ஃப்ரிட்ஜ் வாங்கினேன். கடைக்காரர், பில் இல்லாமல் என்றால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் மிச்சம் என்று கண்ணைச் சிமிட்டினார். நல்ல வேளையாக அந்த வலையில் விழவில்லை. பில் இல்லாதவருக்கு வாரண்டியும் இல்லை, வழக்கும் இல்லை. கேட்டும் பில் தராமல் இருப்பதையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது.

அந்த பில்லை அன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்கள். இப்போது கடைகளில் தரும் வழவழப்பான தாள், சமையலறைச் சூட்டில் ஆறு மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். பொருளின் வரிசை எண் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை கைபேசியில் படம் எடுங்கள்.

கார்டைப் படிக்கவும் வேண்டும். “கம்ப்ரஸருக்குப் பத்து வருட வாரண்டி” என்று கடையில் பெரிதாக எழுதியிருப்பார்கள். முழு ஃப்ரிட்ஜுக்கும் வாரண்டி பெரும்பாலும் ஒரே ஒரு வருடம்தான். அதற்குப் பிறகு கம்ப்ரஸர் என்ற அந்த உருண்டை மட்டும் இலவசம். அதை மாற்றும் கூலி, கேஸ் நிரப்பும் செலவு, போக்குவரத்து எல்லாம் நம் தலையில் விழும். என் கார்டிலும் அப்படித்தான் இருந்தது. நான் அதைப் படித்தது பழுது வந்த பிறகு.

பழுது செப்டம்பரில் வந்தது. இரவு வைத்த மாவு காலையில் பொங்கி வழிந்து, மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. மேலே ஐஸ் ஆகிறது, கீழே குளிரவில்லை. மருமகன் தனக்குத் தெரிந்த மெக்கானிக்கை அனுப்புவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். வாரண்டிக்குள் இருக்கும் பொருளை வெளியாள் ஒரு திருகாணி திருப்பினாலும், “நீங்கள் பிரித்துவிட்டீர்கள்” என்று நிறுவனம் கையைக் கழுவிவிடும். அவர்களுடைய எண்ணுக்கே போன் செய்து, புகார் எண்ணை வாங்கி, ஒரு நோட்டில் தேதியோடு எழுதினேன். பேசியவரின் பெயர், அவர் சொன்னது, வருவதாகச் சொன்ன நாள், வந்த நாள் என்று எல்லாமே அதில் ஏறின. பால் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கம்தான். பின்னால் வழக்குப் போட்ட மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அதையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன்.

முதல் முறை வந்த பையன் கேஸ் குறைவு என்று நிரப்பிவிட்டுப் போனான். நவம்பரில் அதே கோளாறு, மறுபடியும் கேஸ். நான் இரண்டு தவறுகள் செய்தது அந்த இரண்டாம் வருகையில்தான். அவற்றை நீங்கள் செய்யாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

வேலை முடிந்ததும், “அம்மா, போனுக்கு ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்கள்” என்றான். சொன்னேன். அந்த எண்ணைச் சொன்ன நொடியில், “பழுது சரிசெய்யப்பட்டது, வாடிக்கையாளர் திருப்தி” என்று அவர்கள் கணினியில் புகார் மூடப்படுகிறது. ஃப்ரிட்ஜ் குளிர்ந்ததா என்று தெரிய ஒரு ராத்திரி ஆகும். எண் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பையனைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளில் இத்தனை புகாரை மூட வேண்டும் என்று அவன் தலையில் கணக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். “தம்பி, நாளைக்குக் காலையில் போன் செய், குளிர்ந்திருந்தால் சொல்கிறேன்” என்பதுதான் சரியான பதில். இந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் தெருவில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது தவறு ஜாப் ஷீட்டில், அதாவது வந்தவர் பார்த்த வேலையை எழுதி நம்மிடம் கையெழுத்து வாங்கும் தாளில். அவன் நீட்டிய தாளில் ஆங்கிலத்தில் என்னவோ இருந்தது, கையெழுத்துப் போட்டேன். பிறகு பேத்தி படித்துச் சொன்னாள். எவர்சில்வர் டிரம்மில் மாவைப் பார்த்துவிட்டு, வணிகப் பயன்பாடு என்று எழுதியிருக்கிறான். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு பின்னால் என்னை என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா!

ஜாப் ஷீட் இல்லாமல் யாரையும் வாசலைத் தாண்ட விடாதீர்கள். அதில் என்ன பழுது, எந்தப் பாகம் மாற்றினார்கள், மின்னழுத்தம் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். மூன்றாவது முறை வந்தவரிடம் மீட்டரை வைத்துப் பார்த்து எழுதச் சொன்னேன். 228 வோல்ட் என்று எழுதினார். “உங்கள் வீட்டுக் கரண்ட் சரியில்லை” என்ற வழக்கமான சாக்கு அதோடு போயிற்று. எழுதியிருப்பது புரியாவிட்டால், படித்துச் சொல்லக்கூடியவர் வரும் வரை அவரை உட்கார வைத்துக் காபி கொடுங்கள். கையெழுத்துக்குக் கீழே தமிழிலேயே, “இன்னும் குளிரவில்லை” என்றோ, “நாளை பார்த்துச் சொல்கிறேன்” என்றோ எழுதுங்கள். அது உங்கள் தாள், உங்கள் உரிமை.

2024 ஜனவரியில் போர்டை மாற்றினார்கள். பிப்ரவரியில் நான்காவதாக வந்த பெரியவர்தான் உண்மையைச் சொன்னார். பின்சுவருக்குள் நுரைக்குள்ளே புதைத்த குழாயில் கசிவு, அதை வெளியிலிருந்து சரிசெய்ய முடியாது. “அதை அப்படியே எழுதிக் கொடுங்கள்” என்றேன். தயங்கினார், பிறகு எழுதினார். அந்த ஒரு வரிதான் என் வழக்கு. பழுது என்னவென்று பார்த்தால் தெரியாது என்றால், ஆணையம் பொருளைப் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லலாம். அதற்குக் கட்டணத்தை நாம்தான் முதலில் கட்ட வேண்டும், மாதங்களும் கூடும். அவர்கள் ஆளே எழுதிக் கொடுத்திருந்தால் அந்தச் சுற்று மிச்சம்.

மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பழுதான மறுநாளே புதுப் பொருள் கேட்கச் சட்டம் இடம் தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான வாரண்டி கார்டுகள் முதலில் பழுதுபார்ப்பது என்றுதான் சொல்கின்றன. வாங்கிய புதிதிலேயே குறை தெரிந்தால் பில்லில் போட்டிருக்கும் நாட்களுக்குள், எதுவும் போடவில்லையென்றால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது நேர்மையற்ற நடைமுறை. ஆகவே “விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது” என்ற வரியைப் பார்த்து மிரள வேண்டாம். அந்தக் காலம் தாண்டிவிட்டால், ஒரே பழுது திரும்பத் திரும்ப வருகிறது, இது உற்பத்திக் குறைபாடு என்று காட்ட வேண்டும். நான்கு ஜாப் ஷீட் அதைத்தான் காட்டியது.

நிறுவனம், “ஒன்பது மாதம் பயன்படுத்திவிட்டீர்கள், தேய்மானம் போக 22,000 தருகிறோம்” என்றது. குளிராத ஃப்ரிட்ஜுக்கு என்ன தேய்மானம்! மறுத்தேன். கடையோ, “கம்பெனியைப் பாருங்கள்” என்றது. இப்படி ஏப்ரல் வரை இழுத்துவிட்டு, வாரண்டி முடிந்துவிட்டது என்றார்கள். இதற்கு அசையாதீர்கள். வாரண்டிக்குள் புகார் பதிவாகியிருந்தால் போதும், அவர்கள் தாமதம் நம் குற்றமாகாது. புகார் எண்ணை எழுதி வைக்கச் சொன்னது இதற்குத்தான்.

இடையில் மார்ச்சில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன். இலவசம், தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. பலருக்கு இங்கேயே காரியம் முடிந்துவிடுகிறது. எனக்கு, “ஓடிபி பெற்று மூடப்பட்ட புகார்” என்று பதில் வந்தது. பார்த்தீர்களா, அந்த எண்!

பிறகு கடைக்கும் நிறுவனத்துக்கும் ஒரே கடிதம். வக்கீல் நோட்டீஸ்தான் வேண்டும் என்று இல்லை. நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

“தங்களிடம் இந்தத் தேதியில், இந்த பில் எண்ணில் வாங்கிய, இந்த வரிசை எண் கொண்ட ஃப்ரிட்ஜ் நான்கு முறை பழுதானது. தேதிகளும் புகார் எண்களும் கீழே. உள் குழாயில் கசிவு இருப்பதாகத் தங்கள் ஊழியரே எழுதிக் கொடுத்துள்ளார். இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் புதிய ஃப்ரிட்ஜ் தரவும், இல்லையேல் 31,500 ரூபாயைத் திருப்பித் தரவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன்.”

கோபத்தை எல்லாம் முதல் படியில் எழுதிப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். 2025-இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைந்துவிட்டது. நீங்கள் விரைவுத் தபாலில் அனுப்பி, ரசீதையும் சேர்ந்ததற்கான சான்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

பதில் இல்லை. ஜூனில் ஆணையத்துக்குப் போனேன். பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 2019 சட்டம் தந்த பெரிய வசதி இதுதான் என்பேன். வக்கீல் கட்டாயமில்லை. இப்போது இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், நான் நேரில் கொடுத்தேன். கடை, நிறுவனம் இரண்டையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால், இருப்பவர் இல்லாதவர் மேல் பழி போடுவார். இரண்டு வருடக் காலவரம்பு உண்டு. எந்த நாளிலிருந்து என்று தகராறு வரலாம், முதல் பழுதிலிருந்தே எண்ணிக்கொள்வது பத்திரம்.

நிறுவனத்தின் எழுத்துப் பதில் அந்த ஜாப் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு வந்தது. நான் வியாபாரி, ஆகவே நுகர்வோரே அல்ல என்றார்கள். சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்பது சரிதான். ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழிலால் பிழைக்க மட்டும் ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று இருக்கிறது. கடை இல்லை, ஆள் இல்லை, பதினைந்து வீட்டுக்கு நானே அரைத்து நானே கொடுக்கிறேன் என்று எழுதினேன். “வீட்டு உபயோகத்துக்கு மட்டும்” என்ற கார்டு நிபந்தனை வேறு விஷயம். அதற்கு, சுவருக்குள் இருக்கும் குழாயில் மாவு ஓட்டை போடாது என்றேன். தையல் மெஷின், கிரைண்டர் வைத்துப் பிழைக்கும் பெண்கள் இந்த விளக்கத்தை மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

பரிசோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் நீளும். என் வழக்கு தீர்ப்பு வரை போகவில்லை. தீபாவளி கழிந்து நிறுவனத்தின் வக்கீல் சமரசத்துக்கு வந்தார். அதே விலையில் வேறு மாடல் புது ஃப்ரிட்ஜ், செலவுக்கு 7,000 ரூபாய். ஒத்துக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு. பொதுவாக மாற்றிய பொருளுக்குப் பழைய வாரண்டியின் மிச்ச நாட்கள்தான் என்பார்கள். என் மிச்சம் பூஜ்யம். வீட்டுக்கு வந்து சேரும் நாளிலிருந்து ஒரு வருடம் என்று சமரசப் பத்திரத்தில் எழுத வைத்தேன். வாயால் சொன்னதை வாங்கிக்கொண்டு வந்திருந்தால் அடுத்த பழுதுக்கு நான் தெருவில்தான் நிற்க வேண்டும்.

புது ஃப்ரிட்ஜ் மழை நாளில் வந்தது. பொருத்திய பையன் மூன்று மணி நேரம் கழித்து சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு, வழக்கம்போல் ஓடிபி கேட்டான். ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி மேல்தட்டிலும், இன்னொரு டம்ளரைக் கீழ்த்தட்டிலும் வைத்தேன்.

“நாளைக்குக் காலையில் போன் செய் தம்பி. மேலே ஐஸ் ஆகி, கீழே சில்லென்று இருந்தால் எண்ணைச் சொல்கிறேன்.”

முறைத்துக்கொண்டேதான் போனான். மறுநாள் ஏழு மணிக்குப் போன் வந்தது. கீழ்த்தட்டு டம்ளரைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.