பரிந்துரைச் சீட்டு பைக்குள்ளேயே தங்கிவிடாமல் இருக்க

பள்ளியையும் மருத்துவத் துறையையும் இணைக்க வேண்டும் என்றதும் ஒரு முகாம் நடத்துவதைப் பற்றியே பலர் நினைக்கின்றனர். ஆனால் நெல்லைச் சீமையின் அரசுப் பள்ளிகளுக்கு மருத்துவப் பரிசோதனை புதிதன்று. ஆர்.பி.எஸ்.கே. என்று ஆசிரியர்கள் குறிப்பிடும் தேசிய சிறார் நலத் திட்டம் 2013-இல் தொடங்கியது. அதன்படி நடமாடும் மருத்துவக் குழு பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், அங்கன்வாடிக்கு இரு முறையும் வந்து, பிறவிக் குறைபாடு, ஊட்டச்சத்துக் குறைவு, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். சங்கிலி அறுபடுவது அதற்கு அடுத்த கண்ணியில்தான்: குழு பரிந்துரைத்த பிள்ளை மேல் சிகிச்சைக்குப் போய்ச் சேர்வதில்.

நான் வகுப்பாசிரியராக இருந்த ஓராண்டில், இதய ஒலியில் மாறுபாடு இருப்பதாக பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட ஒரு மாணவியின் பரிந்துரைச் சீட்டு, பல மாதங்களுக்குப் பின் அவளுடைய பழைய கணக்கு நோட்டுக்குள் மடித்தபடியே இருந்தது. அவளுடைய தாய்க்கு எழுதப் படிக்கத் தெரியாது. நானும் கேட்காமல் இருந்துவிட்டேன். முக்கூடல், மேலப்பாளையம், ஆலங்குளம் பக்கங்களில் மடியில் சுளகை வைத்து பீடி சுற்றும் பெண்ணுக்கு ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. பிள்ளையை அழைத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போகும் நாளில் அந்தக் கூலி இல்லை. பேருந்துக் கட்டணம் வேறு. இதை அலட்சியம் என்று சொல்வது அநியாயம். பள்ளி செய்ய வேண்டிய வேலை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களுக்குள், பொறுப்பாசிரியர் ஒருவரை நியமித்து, தலைமையாசிரியரின் கடிதத்துடன் அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நேரில் அனுப்புங்கள். மருத்துவக் குழு பள்ளிக்கு வரும் நாள், அப்பகுதிக் கிராம சுகாதார செவிலியரின் தொலைபேசி எண், மேல் சிகிச்சைக்கு அனுப்பும் பிள்ளை பெரிய மருத்துவமனையில் எந்தப் பிரிவில் யாரைச் சந்திக்க வேண்டும் என்ற விவரம் ஆகிய மூன்றையும் அவர் கேட்டு வர வேண்டும். மூன்றாவது விவரம் இல்லாமல் போகும் குடும்பம், புறநோயாளிச் சீட்டு வாங்கும் வரிசையிலேயே பாதி நாளை இழந்து, மறுமுறை வராமல் நின்றுவிடும்.

அடுத்து, கோடு போட்ட ஒரு நோட்டு வேண்டும். பெயர், வகுப்பு, கண்டறிந்தது, அனுப்பிய இடம், போக வேண்டிய தேதி, உடன் செல்பவர், போய் வந்தார்களா, மறுபடி எப்போது என்ற கட்டங்கள் போதும். இணையத்தில் பதிவேற்றினாலும் இந்த நோட்டைக் கைவிட வேண்டாம். ‘போய் வந்தார்களா’ என்ற கட்டம் காலியாக இருக்கும் வரை வேலை முடியவில்லை என்று பொருள். மாதம் ஒரு நாள் பொறுப்பாசிரியரும் செவிலியரும் சேர்ந்து உட்கார்ந்து அந்தக் காலிக் கட்டங்களை மட்டும் பார்த்தால் போதும்.

பிள்ளைகளைத் தனித்தனியாக அனுப்பாமல், நான்கைந்து பேரை ஒரே நாளில், பள்ளி மேலாண்மைக் குழுவின் தாய் ஒருவருடன் அனுப்புவது நல்லது. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். அவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள பணி கிடைப்பது அரிது. பீடிக் கடையில் இலை கொடுக்கும் நாள், கணக்கு முடிக்கும் நாள் ஆகியவற்றைத் தாய்மார்களிடம் கேட்டறிந்து, அவற்றைத் தவிர்த்துத் தேதி குறிக்க வேண்டும். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை உள்ள குடும்பங்களுக்கு முக்கூடலில் மத்திய அரசின் பீடித் தொழிலாளர் மருத்துவமனை இருப்பதையும் நினைவூட்டுங்கள். வீட்டில் பீடி சுற்றப்படுகிறது என்பதை, குறிப்பாகப் பிள்ளைக்கு ஓயாத இருமல் இருந்தால், மருத்துவரிடம் தவறாமல் சொல்லச் செய்ய வேண்டும்; கேட்கப்படாத வரை அதை யாரும் தாமாகச் சொல்வதில்லை. அறுவை சிகிச்சை தேவைப்படக்கூடும் என்று தெரிந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குத் தேவையான வருமானச் சான்றை அன்றே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மருத்துவமனையில் சேர்த்த பிறகு அதற்காக அலைவது பெருந்துன்பம்.

பள்ளியே செய்யக்கூடிய பரிசோதனைகளில் கண் முதன்மையானது. 6 மீட்டர் தொலைவில் எழுத்து அட்டையை மாட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் செய்வதை ஓர் ஆசிரியர் அரை மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். கரும்பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுபவரை முதலில் அழையுங்கள். கண்ணாடி பெற்ற பிள்ளை ஒரு மாதம் கழித்தும் அதை அணிகிறதா என்று பார்ப்பதும் இதில் அடங்கும். தனியார் கண் மருத்துவமனை முகாம் நடத்த முன்வந்தால், அதை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாகவே ஏற்பாடு செய்து, முடிவுகளை அதே நோட்டில் எழுதுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தில் தேவைப்படுவது நம்பிக்கை. வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒன்றாகத் தரப்படும் நீல நிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்புச்சத்து உள்ளது. அதை மதிய உணவுக்குப் பின் தர வேண்டும். வெறும் வயிற்றில் தந்தால் குமட்டும். தேநீருடன் சேர்ந்தால் உடல் அதைச் சரியாக ஏற்காது. மலம் கறுப்பாகப் போகும் என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே செவிலியரைக் கொண்டு சொல்லச் செய்தால், ‘மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற பேச்சு பரவாது. ஆனால் முகம் வெளுத்து, படி ஏறினால் மூச்சு வாங்கும் பிள்ளைக்கு இந்த வார மாத்திரை போதாது. அப்பிள்ளையை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பியே தீர வேண்டும்.

வலிப்பு, தோல் நோய், மாதவிடாய் தொடர்பான குறிப்புகளைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லி வாசிக்கவே கூடாது. தாயைத் தனியாக அழைத்துச் சொல்லுங்கள். நோட்டைப் பூட்டி வையுங்கள்.

பாபநாசத்துக்கு மேலே உள்ள காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகளிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளின் சிகிச்சையை, அவர்கள் விடுமுறைக்கு மலையேறும் முன்பே முடித்துவிட வேண்டும். மீதமுள்ள மாத்திரைகளையும் அடுத்த தேதியையும் எழுதிக் கையோடு கொடுத்தனுப்ப வேண்டும். ஐந்தாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் இதே கவனம் தேவை. மாற்றுச் சான்றிதழ் தரும் நாளிலேயே, நோட்டில் காலியாக நிற்கும் வரிகளைப் பிரதி எடுத்து உறையில் இட்டு, பொறுப்பாசிரியரே புதிய பள்ளியின் தலைமையாசிரியரிடம் நேரில் ஒப்படைக்க வேண்டும்.