வேன் கூரையில் சோலார்: காசு கரையும் இடங்கள்

பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுப்பது, நட்டை முறுக்காமல் விடுவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அதெல்லாம் ஒருமுறை புகை வந்தால் யாருக்கும் புரிந்துவிடும். புகையே வராமல், எல்லாம் நன்றாக ஓடுவதுபோல் ஓடி, மூன்றாம் நாள் ராத்திரி ஃபேனை நிறுத்துகிற தவறுகளைத்தான் சொல்ல வருகிறேன். டிராவலர் வேனை வாங்கிக் கட்டில், சிங்க், ஃப்ரிட்ஜ் வைத்துக் கேரவனாக மாற்றுகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். இந்த வேலையில் இருக்கிற நாங்கள் எப்போதோ விழுந்து எழுந்த பள்ளங்களிலேயே அவர்களும் வரிசையாக விழுகிறார்கள்.

கூரையை அளந்துவிட்டுக் கணக்குப் போடுவது

"அண்ணா, மேல எத்தனை வாட் போடலாம்?" வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு நாளைக்கு எவ்வளவு செலவாகும் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

இரண்டு பேர் தங்குகிற ஒரு சாதாரண வேனை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் நாளொன்றுக்குச் சுமார் 500 வாட்‌ஹவர் எடுக்கும். 20 வாட் ஃபேன் இரண்டு, ராத்திரி 9 மணி நேரம் ஓடினால் 360. லேப்டாப், இரண்டு போன், லைட், தண்ணீர் பம்ப் எல்லாம் சேர்த்து 350 வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரம் வாட்‌ஹவர் ஒரு யூனிட், ஆக மொத்தம் 1.2 யூனிட். வயரிலும் சார்ஜிலும் போகிற இழப்பையும் சேர்த்தால் 1.4.

அடுத்து பேனல். காலை 6 முதல் மாலை 6 வரை வெயில், 400 வாட்டை 12-ஆல் பெருக்கினால் 4.8 யூனிட் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. சூரியன் அப்படிக் கொடுப்பதில்லை. வேன் கூரையில் பேனல் மட்டமாகப் படுத்திருக்கிறது. மேலே தூசி. சித்திரை வெயிலில் பேனலின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். பேனலில் எழுதியிருக்கும் வாட் 25 டிகிரிக்கான கணக்கு, அதற்கு மேல் ஏறுகிற ஒவ்வொரு டிகிரிக்கும் கிட்டத்தட்ட 0.35 சதவீதம் குறையும். எல்லாம் போக, தமிழ்நாட்டில் நல்ல வெயில் நாளில் 400 வாட் பேனலிலிருந்து கையில் நிற்பது சுமார் ஒன்றரை யூனிட். மேலே சொன்ன செலவுக்கு அது சரியாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதில் கால்வாசி வந்தாலே பெரிது.

இன்வெர்ட்டரை இரவும் பகலும் ஓடவிடுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். சத்தமில்லாமல் நடக்கிற தவறு. கண்டுபிடிக்காமல் இதற்குச் செலவழிக்கிற பணமும் அதிகம்.

நம் ஊரில் இன்வெர்ட்டர் என்றால் கரண்ட் போகும்போது காப்பாற்றுகிற பெட்டி. வீட்டில் மாட்டினால் மாட்டினதுதான், யாரும் அதை அணைப்பதில்லை. மீதி நேரம் இபி கரண்ட் பேட்டரியை நிரப்பிக்கொண்டே இருப்பதால் அது தின்கிற கரண்ட் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பழக்கத்தை அப்படியே வேனுக்குள் கொண்டுவருகிறார்கள். வீட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சுவர் முழுக்க 230 வோல்ட் வயரிங், வீட்டு எல்இடி பல்பு, வீட்டு ஃபேன், வீட்டு ஃப்ரிட்ஜ். எல்லாவற்றுக்கும் பின்னால், பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக்கிக் கொடுக்க ஒரு இன்வெர்ட்டர். அதுவும், இருக்கிறதிலேயே பெரியதாக.

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஒன்று வைத்திருந்தார், வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிற அதே ஆசிட் பேட்டரிதான். போதவில்லை என்று கடையில் சொல்லி இன்னொன்றும் வாங்கிப் பக்கத்தில் சேர்த்திருந்தார். ஆசிட்டோடு ஒவ்வொன்றும் 50 கிலோவுக்கு மேல். அப்படியும் விடியற்காலையில் கீ கீ என்று கத்துகிறது, பேனலும் இன்னொன்று போட்டுவிடலாமா என்று கேட்டார். உள்ளே எல்லா ஸ்விட்சையும் அணைக்கச் சொன்னேன். சார்ஜரில் ஒரு போன்கூட இல்லை. பேட்டரியின் நெகட்டிவ் கேபிளில், ஓடுகிற கரண்டை அளக்கிற கிளாம்ப் மீட்டரை மாட்டினால் 2.8 ஆம்ப்ஸ் காட்டுகிறது. "எல்லாம் ஆஃப்தானே?" என்று அவரே என்னைக் கேட்டார். இன்வெர்ட்டரின் முன்பக்கம் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தேன். மீட்டர் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது.

2.8 ஆம்ப்ஸ் என்றால் 35 வாட். பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். 24 மணி நேரத்துக்கு 840 வாட்‌ஹவர். 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியில் 1800 வாட்‌ஹவர் இருக்கிறது என்றாலும், ஆயுள் கெடாமல் எடுக்கக்கூடியது அதில் பாதி, 900. ஆக, ஒரு முழு பேட்டரியை அந்தப் பெட்டி சும்மா உட்கார்ந்தே சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் வாங்கிய இரண்டாவது பேட்டரி இன்வெர்ட்டருக்குத் தீனி. அவருக்கு அதில் எதுவும் மிச்சமில்லை. போதாததற்குப் பழைய பேட்டரியோடு புதியதைச் சேர்த்ததால் புதியதும் சீக்கிரம் கெடப்போகிறது.

பெரிய இன்வெர்ட்டர் என்றால் சும்மா இருக்கிற செலவும் பெரும்பாலும் பெரிது. வாங்கும்போது நோ-லோட், அதாவது எதுவும் ஓடாதபோது அது தின்கிற கரண்ட், எவ்வளவு என்று கேளுங்கள். கடைக்காரர் விழித்தால் மேனுவலை வாங்கிப் பாருங்கள். சிலவற்றில் ஈகோ மோட் உண்டு. லோடு இருக்கிறதா என்று அவ்வப்போது எட்டிப்பார்த்துவிட்டுத் தூங்கும். ஆனால் போன் சார்ஜர் மாதிரிச் சின்ன லோடை அது கண்டுகொள்ளாது.

சரி, என்ன செய்வது? நாள் முழுக்க ஓடுகிறவை எல்லாம் 12 வோல்ட்டிலேயே நேராக ஓடட்டும்: ஃப்ரிட்ஜ், ஃபேன், லைட், பம்ப், போன் சார்ஜர். எல்லாமே 12 வோல்ட்டில் கிடைக்கின்றன. 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் வீட்டு ஃப்ரிட்ஜைவிட விலை அதிகம்தான். அந்த வித்தியாசத்தை இரண்டாவது பேட்டரியின் விலையோடு வைத்துப் பாருங்கள். மிக்ஸிக்கும் இண்டக்‌ஷனுக்கும் மட்டும் இன்வெர்ட்டர் போதும். அதன் ஸ்விட்ச் சமையல் மேடைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். சீட்டுக்கு அடியில் இருந்தால் யாரும் குனிந்து அணைக்கமாட்டார்கள்.

பொள்ளாச்சிக்காரருக்கு நான் பேனல் விற்கவில்லை. லைட்டையும் ஃபேனையும் 12 வோல்ட்டுக்கு மாற்றி, இரண்டு டியூபுலரில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் வீட்டில் அது இப்போது கரண்ட் போகும்போது ஓடுகிறது.

ஏஎச் எண்ணை மட்டும் பார்ப்பது

100 ஏஎச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட்‌ஹவர் இருக்கும், அதில் ஆயிரத்துக்கு மேல் தைரியமாக எடுக்கலாம். 150 ஏஎச் டியூபுலரைவிட அதிகம், எடையும் கால்வாசிதான். டியூபுலர் வாங்கியே ஆகவேண்டும் என்றால் லேபிளில் சி10 என்றிருக்கிறதா, சி20 என்றிருக்கிறதா என்று பாருங்கள். 10 மணி நேரத்தில் காலி செய்தால் 150 தருகிற பேட்டரியும், 20 மணி நேரம் மெதுவாக உறிஞ்சினால் மட்டுமே 150 தருகிற பேட்டரியும் ஒன்றல்ல.

ராத்திரி முழுக்க ஏசி

ஒரு ராத்திரிக்கு 4 முதல் 6 யூனிட் வேண்டும். இபி பிளக் இருக்கிற இடமாகப் பார்த்து நிறுத்துங்கள்.

இண்டக்‌ஷனுக்கு யூனிட் கணக்கு மட்டும் போடுவது

ஒரு வேளைச் சமையலுக்கு அரை யூனிட் என்று போட்டுவிட்டு, சமாளிக்கலாம் என்கிறார்கள். யூனிட் சமாளிக்கும், ஆம்ப்ஸ் சமாளிக்காது. 1800 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து 150 ஆம்ப்ஸுக்கு மேல் இழுக்கும். 100 ஏஎச் லித்தியம் பேட்டரிக்குள் காவலுக்கு இருக்கிற பிஎம்எஸ் சர்க்யூட் பெரும்பாலும் 100 ஆம்ப்ஸோடு கதவை மூடிவிடும். டீ கொதிப்பதற்குள் வண்டி முழுக்க இருட்டு. அடுப்பை 800 வாட்டில் வைத்துச் சமைக்கப் பழகுங்கள், அல்லது 5 கிலோ கேஸ் சிலிண்டர்.

பேனலுக்கும் கண்ட்ரோலருக்கும் பொருத்தம் பார்க்காதது

வீட்டு மாடிக்கு வருகிற 540 வாட் பேனல் வாட் கணக்கில் மலிவு. அதைக் கொண்டுவந்து, 12 வோல்ட் பேட்டரிக்குப் பிடபிள்யூஎம் கண்ட்ரோலர் (பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகிற சார்ஜைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் எளிய வகை) வழியாகக் கொடுக்கிறார்கள். அந்தப் பேனல் 41 வோல்ட்டில் 13 ஆம்ப்ஸ் தருவது. பிடபிள்யூஎம் அதைப் பேட்டரியின் வோல்ட்டுக்கு இழுத்துவிடும், ஆம்ப்ஸ் அதே 13தான். கிடைப்பது 170, 180 வாட். மீதிக் காசு கூரையில் காய்கிறது. அதிகப்படி வோல்ட்டை ஆம்ப்ஸாக மாற்றிக் கொடுக்கிற எம்பிபிடி கண்ட்ரோலர் வாங்குங்கள்.

எம்பிபிடி வாங்கியவர்கள் செய்வது வேறு. இரண்டு 540 வாட் பேனலை சீரியஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாகக் கோர்த்துப் போட்டால் திறந்த நிலையில் (கரண்ட் எதுவும் எடுக்காதபோது) 99 வோல்ட் வரும், கண்ட்ரோலர் தாங்குவது 100, சரியாகப் போச்சு என்று விட்டுவிடுகிறார்கள். குளிரில் பேனலின் வோல்ட் ஏறும். மேட்டுப்பாளையத்தில் தாக்குப்பிடிக்கிற கண்ட்ரோலர், மார்கழியில் ஊட்டிக்கு மேலே விடிகாலை முதல் வெயில் படும்போது 105 வோல்ட்டைச் சந்திக்கும். அப்புறம் வாரண்டி கேட்டு அலைய வேண்டும். 150 வோல்ட் தாங்குவதாக வாங்குங்கள்.

கூரை கேரியரின் நிழல்

ஒரு கம்பியின் நிழல் ஒரு செல்லில் விழுந்தால் பேனலில் மூன்றில் ஒரு பங்கு வரை போய்விடும், கேரியரைக் கழற்றுங்கள்.

பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இல்லாதது

இதற்கு விளக்கம் எதற்கு. போடுங்கள்.

ஓடுகிற இன்ஜினை மறந்துவிடுவது

மழைக்காலத்தில் பேட்டரி ஏறவில்லை என்று மூன்றாவது பேனல் கேட்கிறவர்கள், தினமும் இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டுகிறவர்களாகவே இருக்கிறார்கள். இன்ஜினோடு சுற்றிக் கரண்ட் தருகிற அல்டர்னேட்டரிலிருந்து, அளவாக எடுத்துப் பேட்டரிக்குக் கொடுக்கிற 30 ஆம்ப்ஸ் டிசி-டிசி சார்ஜர் ஒன்று போட்டால், அந்த இரண்டு மணி நேரத்தில் முக்கால் யூனிட் ஏறிவிடும். மேகம் மூடிய நாளில் 400 வாட் பேனல் பகல் முழுக்கத் தருவதைவிட இது அதிகம். ஆனால் லித்தியம் பேட்டரியை நேராக வயர் இழுத்து அல்டர்னேட்டரோடு கோர்த்துவிடாதீர்கள். லித்தியம் கிடைக்கிறதையெல்லாம் இழுக்கும். வண்டி ஐட்லிங்கில் நிற்கும்போது அல்டர்னேட்டர் தன்னைக் குளிரவைக்கக் காற்றில்லாமல் சூடேறிக் கருகும்.