‘கப்பலோட்டிய தமிழன்’: நல்ல டிவிடியைத் தேர்ந்து வீட்டில் பார்ப்பது எப்படி?

பி. ஆர். பந்துலு இயக்கத்தில் 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’, வ. உ. சிதம்பரம் பிள்ளையின் வாழ்க்கையைச் சொல்லும் படம். தென்னாப்பிரிக்காவில், டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் வளரும் நம் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் படிக்க வராது என்பதால், வ.உ.சி. என்ற பெயர் அவர்கள் மனத்தில் பதிவதற்கு இந்தப் படமே பெரும்பாலும் முதல் வழியாக அமைகிறது. எனவே, குறையில்லாத ஒரு டிவிடியைத் தேடி வாங்குவது அவசியம்.

உறையை முதலில் பாருங்கள். ஒரே வட்டில் மூன்று படங்கள் என்று அச்சிட்டிருந்தால் அதை வாங்க வேண்டாம். ஓரடுக்கு டிவிடி ஒன்றின் கொள்ளளவு 4.7 ஜிகாபைட் மட்டுமே. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் இப்படத்துக்கே அது இறுக்கமான இடம். அதற்குள் இன்னும் இரண்டு படங்களைத் திணிக்கும்போது, இருண்ட காட்சிகளில் படம் சிறு சிறு சதுரங்களாக உடையும். சிறையில் சிவாஜி கணேசன் செக்கிழுக்கும் காட்சியில் அவர் முகம் தெளிவாகத் தெரியாவிட்டால், படம் பார்த்ததன் பயனில் பாதி போய்விடும். 8.5 ஜிகாபைட் கொண்ட ஈரடுக்கு வட்டில் இந்த ஒரு படம் மட்டும் இருந்தால் அதுவே சிறந்தது.

அடுத்து, படம் முழுமையாக இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். நான் முதலில் வாங்கிய வட்டில், ஜெமினி கணேசனும் சாவித்திரியும் தோன்றும் ‘காற்று வெளியிடைக் கண்ணம்மா’ பாட்டையே காணோம். உறையில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பாரதியின் பாடல்களுக்கு ஜி. ராமநாதன் இசையமைத்த இப்படத்தில் ஒரு பாட்டை வெட்டுவது கதையையே வெட்டுவதாகும். வட்டைப் போட்டவுடன் மொத்த ஓட்ட நேரத்தைத் திரையில் வரவழைத்துப் பாருங்கள். அது மூன்று மணி நேரத்துக்குக் குறைவாகக் காட்டினால் கடைக்காரரிடம் மாற்றித் தரக் கேளுங்கள்.

டிவிடிகளுக்கு மண்டல எண் உண்டு: தென்னாப்பிரிக்கா 2, இந்தியா 5. ஒரு மண்டலத்துக்கான வட்டு வேறு மண்டலத்துக் கருவியில் ஓடாமற்போகலாம். இந்தியாவிலிருந்து உறவினர் வாங்கி வருவதானால், எல்லா மண்டலங்களுக்கும் உரியது என்று குறித்த வட்டாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

தொலைக்காட்சியின் அமைப்பைப் பலர் கவனிப்பதே இல்லை. இன்றைய திரைகள் 16:9 என்ற அகல விகிதம் கொண்டவை. அக்காலத்துப் படமோ ஏறத்தாழ 4:3. தொலைக்காட்சி அதைத் தானாக இழுத்து நிரப்பும்போது, வ.உ.சி.யும் பாரதியும் சுப்பிரமணிய சிவாவும் குள்ளமாகவும் பருத்தும் தெரிவார்கள். ரிமோட்டில் பட அளவு என்னும் பகுதிக்குச் சென்று 4:3 என்று வைத்துவிடுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டைகள் வருவது குறையன்று. படம்பிடித்த வடிவம் அதுவே.

ஆங்கில சப்டைட்டில் இருக்கிறதா என்பதையும் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வசனத்துக்கு இருந்து பாடல்களுக்கு இல்லாமற்போவது உண்டு என்பதால், ‘என்று தணியும் இந்தச் சுதந்திர தாகம்’ வரும்போது படத்தை நிறுத்தி, வீட்டுப் பெரியவர் ஒருவர் பொருள் சொல்ல வேண்டும். ஒரே இரவில் முடிக்கவும் தேவையில்லை. கப்பல் கம்பெனி எழும் பகுதியை ஒரு மாலையிலும், சிறை வாழ்க்கையை மறுநாளும் பார்த்தால் சிறுவர்கள் சோர்வடைய மாட்டார்கள்.

இரண்டாம் நாள் தொடங்கும் முன் ஒரு செய்தியை அவர்களுக்குச் சொல்லுங்கள். 1912இல் விடுதலையாகி வறுமையில் வாடிய வ.உ.சி.க்காக, தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் பணம் திரட்டிக் காந்தியிடம் கொடுத்தார்கள். அந்த 347 ரூபாய்ச் சொச்சம், பல கடிதங்கள் எழுதிய பின், 1916இல் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது.