பால் சங்கிலியை எம்.வி.எஸ்.சி. ஆய்வுக்கு எடுத்தால்: எங்கே அளப்பது, எப்படிக் கணக்கிடுவது

கால்நடை உற்பத்தி மேலாண்மையில் எம்.வி.எஸ்.சி. (கால்நடை அறிவியல் முதுநிலைப் பட்டம்) இரண்டே ஆண்டுப் படிப்பு. அதில் பெரும்பகுதியைப் பாடமும் தேர்வும் தின்றுவிடும். அதனால் மாநிலம் முழுவதையும் தலைப்பில் அடக்க வேண்டாம். ஒரு கூட்டுறவுச் சங்கம், அதன் பால் போய்ச் சேரும் பிஎம்சி (பாலை மொத்தமாகச் சேர்த்துக் குளிர்விக்கும் நிலையம்), கூட்டுறவுப் பால் ஒன்றியத்தின் ஆலை என்று ஒரே தடம் போதும். பால் பெருகும் மாதத்தில் ஒரு முறை, வற்றும் மாதத்தில் ஒரு முறை அதே தடத்தில் பாலோடு கூடவே போங்கள். நினைவிலிருந்து சொல்லவைத்து நிரப்பும் கேள்வித்தாளைவிட இது உறுதியான தரவு.

பால் கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் எடை, வெப்பநிலை, கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பு தவிர்த்த மற்ற திடப்பொருள்கள்) ஆகியவற்றோடு மணி நிமிடத்தையும் குறியுங்கள். மாட்டின் உடல் சூட்டோடு வரும் பால் பிஎம்சியில் 4 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும்வரை கிருமிகளுக்குக் கொண்டாட்டம். பாலில் நீலச் சாயம் கலந்து பார்க்கும் மெத்திலீன் நீலச் சோதனையில் அது தெரிந்துவிடும், கிருமி கூடக் கூட நீலம் சீக்கிரம் வெளுக்கும்: 37 டிகிரியில் 5 மணி நேரம் நீலம் நின்றால் மிக நல்ல பால், அரை மணிக்குள் வெளுத்தால் மோசம்.

கேனில் கொழுப்பு மேலே ஏறிவிடும். ப்ளஞ்சரால் (பாலைக் கலக்கும் கோல்) நன்றாகக் கலக்காமல் மொண்ட மாதிரி எதற்கும் உதவாது. மாலைக் கறவைக்கு இடைவெளி குறைவு, அதனால் கொழுப்பு பொதுவாகச் சற்றுக் கூடுதல். இரு வேளை மாதிரியையும் கறந்த அளவுக்கு ஏற்ற விகிதத்தில் சேர்க்க வேண்டும். பாலின் அடர்த்தியைக் காட்டும் லாக்டோமீட்டர் அளவிலிருந்து எஸ்.என்.எஃப். காணும் சூத்திரத்தின் மாறிலி இடத்துக்கு இடம் வேறுபடும். சங்கமும் ஆலையும் எதை வைத்துக் கணக்கிடுகின்றன என்று கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால், சூத்திர வித்தியாசமே இழப்பாகத் தெரியும்.

இன்னொரு பொறி, லிட்டரும் கிலோவும். 100 லிட்டர் பால் ஏறத்தாழ 103 கிலோ. சங்கத்தில் லிட்டர், ஆலையில் கிலோ என்றிருந்தால், மாற்றாமல் ஒப்பிடும்போது 3 சதவீத இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

பாக்கெட் விலையிலிருந்து கொள்முதல் விலையைக் கழித்து அதையே லாபம் என்று எழுதுவதுதான் ஆய்வேடுகளைக் கவிழ்க்கும் பிழை. 4.5 சதவீதக் கொழுப்புள்ள 100 கிலோ பாலை 3 சதவீதச் சமன்படுத்திய பாலாக்கினால், 40 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் சுமார் 4 கிலோ பிரியும். அது வெண்ணெயாக, நெய்யாக விற்பனையாகிறது. எஸ்.என்.எஃப். 8.5 சதவீதத்துக்குக் குறைந்தால் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் சேர்ப்பார்கள், அது செலவு. ஆகவே கொழுப்புக்கும் எஸ்.என்.எஃப்.க்கும் தனித்தனியாகக் கிலோக் கணக்கு போடுங்கள். உள்ளே வந்த கிலோவும் வெளியே போன கிலோவும் ஒத்துப்போன பிறகு விலையைத் தொடலாம்.

விவசாயி பக்கம் வரும்போது, கறக்கும் நாள் செலவை அன்றைய பாலால் வகுக்காதீர்கள். மாடு வற்றி நிற்கும் சுமார் 60 நாளும் தீனி தின்கிறது. ஒரு கன்றுக்கும் அடுத்த கன்றுக்கும் இடைப்பட்ட மொத்தச் செலவிலிருந்து கன்று, சாணத்தின் மதிப்பைக் கழித்து, அந்த ஈற்றின் மொத்தப் பாலால் வகுக்க வேண்டும். வீட்டுப் பெண்களின் உழைப்பையும் சொந்த வயல் பசுந்தீவனத்தையும் சேர்த்து ஒரு கணக்கு, சேர்க்காமல் ஒரு கணக்கு என இரண்டையும் அட்டவணையில் காட்டுங்கள். வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கக்கூடியது இதுதான்.